பத்து மணிக்குப் போன வண்டி

கோவில்பட்டியில் எங்கள் மருத்துவ ஆய்வு மையத்தில் இந்த ஆண்டு முனைவர் பட்டத்துக்குப் புதிதாக ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். போன வாரம் அங்கிருந்து போன் வந்தது. "சிஸ்டர், புதுப் பிள்ளைகளுக்குக் குடுக்க ஒரு கையேடு தயார் பண்ணுதோம். களத்துல தப்பு வராம வேலை பாக்குறது எப்படின்னு நீங்க நாலு பக்கம் எழுதித் தரணும்."

அந்த மையத்தில் இருபத்தோரு ஆண்டுகள் கள ஆய்வுச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தப்பு வராமல் வேலை பார்ப்பதைப் பற்றி எனக்கு அரைப் பக்கம்கூட வரவில்லை. நான் செய்த ஒரு பெரிய தப்பைப் பற்றி நினைத்தபோது பேனா நிற்கவே இல்லை. அதையே எழுதிவிட்டேன். கையேட்டில் சேர்ப்பதும் சேர்க்காததும் அவர்கள் பாடு.

நாகர்கோவிலில் நர்ஸ் படிப்பு, மதுரையில் தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடம் வார்டு வேலை. கணவருக்கு மணியாச்சி ரயில் நிலையத்தில் வேலை மாற்றல் வந்ததால் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தேன். கோவில்பட்டியில் புதிதாக ஓர் ஆய்வு மையம் திறக்கிறார்கள், ரத்தம் எடுக்கத் தெரிந்த நர்ஸ் வேண்டும் என்றார்கள். ஊசி குத்தத் தெரியும் என்று போய் நின்றேன். அங்கே ஊசி குத்துவது கடைசி வேலை என்பது போன பிறகுதான் தெரிந்தது.

மையத்தின் தலைவர் டாக்டர் ராஜாமணி. சிறுநீரக மருத்துவர். எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. முனைவர் பட்ட மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் அங்கே இரண்டு வழிகாட்டிகள் உண்டு. ஒருவர் நோயாளியைப் பார்க்கிற டாக்டர், இன்னொருவர் ஆய்வுக்கூடத்து ஆள். ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தது நோயாளிக்கு வந்து சேர வேண்டும், நோயாளியிடம் பார்த்தது ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும், அந்தப் போக்குவரத்தைப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சி என்பார் சார்.

அவருடைய பழக்கம் ஒன்று. முதல் மாதம் எந்த மாணவரும் ஊசியையும் தொடக் கூடாது, கம்ப்யூட்டரையும் தொடக் கூடாது. காலையில் வெளிநோயாளிகள் பிரிவில் பெஞ்சில் நோயாளிகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மதியம் என்னோடு வண்டியில் வந்து ஐஸ் பெட்டி தூக்க வேண்டும். சாயங்காலம் பார்த்ததை நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பேனாவால்தான் எழுதணும். தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடணும். வெள்ளை மை தடவினால் அந்தப் பக்கமே செல்லாது. "தப்பு தெரியணும். மறைச்ச தப்பு ரெண்டு தப்பு" என்பார்.

நோட்டு மறுநாள் காலை திரும்பி வரும். பல வரிகளுக்கு அடியில் பென்சில் கோடு இருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில், 'எப்படித் தெரியும்?' ஒரு மாணவி 'நோயாளி பயந்தார்' என்று எழுதியிருந்தாள். எப்படித் தெரியும்? அவள் அதை அடித்துவிட்டு, 'நோயாளி மூன்று முறை எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்' என்று எழுதினாள். அதற்குக் கோடு விழவில்லை.

சாரிடம் இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். நல்ல செய்தி கொண்டுபோனால் நின்றபடியே கேட்டு அனுப்பிவிடுவார். கெட்ட செய்தி என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டால், மேசையைச் சுற்றி வந்து நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுவார்.

யோகேஷ் எங்களிடம் வந்தது என் வேலையின் பதினான்காம் ஆண்டில். கோயம்புத்தூர் பையன், உயிர்வேதியியல் படித்தவன். எங்கள் ஊர்ப் பேச்சு அவனுக்குப் பிடிபட ஒரு மாதம் ஆனது. 'அவர் அங்கே இல்லை' என்பதை 'அவிய அங்கன இல்ல' என்று ஒரு பாட்டி சொன்னதற்கு, யாரோ அவியல் வைக்கவில்லை என்று நோட்டில் எழுதிக் கொடுத்தவன் அவன். சார் அந்த வரிக்கும் பென்சில் கோடு போட்டு 'எப்படித் தெரியும்?' என்று கேட்டிருந்தார்.

அவனுடைய ஆய்வு இதுதான். சிறுநீரகம் கெட ஆரம்பித்தால் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது தெரிய நாளாகும். அதற்கு முன்பே சிறுநீரில் ஒரு புரதம் கூடும் என்று ஆய்வுக்கூடங்களில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கரிசல் காட்டு வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் புரதம் கூடுகிறதா, முன்கூட்டியே எச்சரிக்குமா என்று பார்க்க வேண்டும். புதூர் வட்டாரத்தில் இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்தோம். வீட்டுப் பட்டியலில் சீட்டு எடுத்த மாதிரி பெயர்களைக் குறித்துக்கொண்டு போவோம். வீடு பூட்டியிருந்தால் இன்னும் இரண்டு முறை போய்ப் பார்க்க வேண்டும். அப்போதும் பூட்டியிருந்தால் அடுத்த வீடு.

வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று முடிவு செய்தது நான். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு மையத்துக்கு வந்து, ஐஸ் பெட்டி கட்டி, ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் பத்து மணிக்கு ஊர். ஒரு மணிக்குள் ரத்த, சிறுநீர் மாதிரிகளோடு திரும்பிவிடலாம். ஆய்வுக்கூடத்துக்கும் வசதி, எனக்கும் வசதி. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. 'எப்படித் தெரியும்?' என்று எல்லாவற்றையும் கேட்கிற சாரும் இதைக் கேட்கவில்லை.

ஒன்றரை வருடம் அப்படிப் போனோம். ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டி, பிறகு "இப்ப நாங்க என்ன செய்யப் போறோம்னு நீங்க சொல்லுங்க" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, அந்த வார்த்தைகளை அப்படியே எழுதுவோம். யோகேஷ் அதில் கெட்டிக்காரனாகிவிட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தபோது, பெண்களில் சிறுநீரகம் பாதித்தவர்கள் நாங்கள் நினைத்ததைவிட மிக மிக அதிகம். அவன் கண்ணெல்லாம் மின்னியது. பெரிய மாநாடு ஒன்றுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பி, அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

சார் வைத்திருந்த இன்னொரு சட்டம், முடிவு எதுவானாலும் வெளியே சொல்லுவதற்கு முன் அந்த ஊரில் போய்ச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் யோகேஷும் மட்டும் போனோம். ஊர்ச் சமுதாயக்கூடத்தில் ஐம்பது அறுபது பேர். யோகேஷ் வண்ணப் படம் ஒன்றை ஒட்டி வைத்து, "உங்க ஊருல காட்டு வேலை செய்யற பொம்பளைங்க நிறைய பேருக்குக் கிட்னி பாதிக்க ஆரம்பிச்சிருக்குங்க" என்று சொல்லி முடித்தான். கூடத்தில் சலசலப்பு.

பின் வாசலில் அப்போதுதான் வந்து நின்ற ஒருத்தி கையை உயர்த்தினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பருத்தி எடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள். தலையில் கட்டிய துண்டில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"தம்பி, என்னையச் சோதிக்கவே இல்லையே?"

"சீட்டு முறையில எடுக்கறோமுங்க. உங்க பேரு வராம இருந்திருக்கலாமுங்க."

"சரி. இந்தா நிக்குதா என் நாத்தனா, இவளச் சோதிச்சீங்களா? இவளோட எட்டுப் பேரு லோடு ஆட்டோவுல வேலைக்கு வாராளுவ. ஒருத்தியையாவது சோதிச்சீங்களா?"

யோகேஷ் பதிவேட்டைத் திறக்கப் போனான். நான் அதன் மேல் கையை வைத்தேன். யார் ரத்தம் கொடுத்தார்கள் என்று நாங்கள் ஊருக்கு நடுவில் வாசிக்க முடியாது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"பேரு சொல்ல வேண்டாம் நர்சம்மா. நீங்க எத்தன மணிக்கு ஊருக்குள்ள வாரீங்க?"

"பத்து மணிக்கு" என்றேன்.

"பத்து மணிக்கு இந்த ஊருல வீட்டுல இருக்கது யாரு? எந்திரிக்க முடியாதவ, மேலுக்குச் சொகமில்லாதவ, வயசானவ. காட்டுக்குப் போறவ அஞ்சரைக்குப் போயிருவா. சொகமில்லாதவளா பாத்துப் பாத்துச் சோதிச்சிட்டு, ஊரே சொகமில்லன்னு சொல்லுதீங்களே, இது நல்லாவா இருக்கு?"

கூடமே சிரித்தது. அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "ஏட்டி, காட்டு வேலைக்குப் போறவ யாராச்சும் இவியளுக்கு ரத்தம் குடுத்தீங்களா?" ஒரு கையும் உயரவில்லை.

அவள் பெயர் குருவம்மா. அன்று அவள் சிரிக்கவில்லை. கேட்டாள், பதில் தெரிந்தது, நாத்தனாரைத் தெலுங்கில் ஏதோ சொல்லிக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் எட்டயபுரம் வரை யோகேஷ் அந்த வண்ணப் படத்தைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக வந்தான். பிறகு, "சிஸ்டர், ஒன்றரை வருசம் போச்சுங்களா?" என்றான். அவனுடைய உதவித்தொகைக் காலம் பாதி முடிந்திருந்தது. வீட்டில் அக்கா கல்யாணம் நிற்கிறது, படிப்பை முடித்துவிட்டு வா என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேரம் குறித்தவள் நான்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் மையத்துக்குப் போனேன். எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: 'நேற்று வேலைக்குப் போனீர்களா?' ஒன்றரை வருடமாக அதை நிரப்பியிருக்கிறோம், ஒருவரும் அந்தப் பத்தியைக் கூட்டிப் பார்த்ததில்லை. பதிவேடு பதிவேடாக விரலை வைத்துக்கொண்டே போனேன். இல்லை. இல்லை. இல்லை. எப்போதாவது ஒரு ஆம்.

சார் வந்ததும் போய் நின்றேன். மேசையைச் சுற்றி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். என் மகளின் பள்ளி நேரத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

"எப்படித் தெரியும்?" என்றார்.

பதிவேட்டை விரித்துக் காட்டினேன். அவரும் விரலை வைத்துக்கொண்டே நான்கைந்து பக்கம் போனார். பிறகு யோகேஷைக் கூப்பிட்டார். எங்கள் இருவர் முன்னாலேயே மாநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், நாங்கள் ஊருக்குள் போன நேரம் தவறு, அதனால் உடல்நிலை சரியில்லாதவர்களே அதிகம் சேர்ந்துவிட்டார்கள் என்று நாலே வரி. கீழே அவர் மட்டும் கையெழுத்துப் போட்டார்.

"சார், என் பெயரும் கட்டுரையில இருக்குதுங்க. நானும் போடறேனுங்க" என்றான் யோகேஷ்.

"நீ படிக்கிறவன். பாக்க வேண்டியவன் நான். எனக்கும் அந்தக் கேள்வி தோணலையே." கடிதத்தை மடித்தார். "ஒன்றரை வருசம் வீணாப் போகல. வீட்டுல இருக்கிறவங்களப் பத்தித் தெரிஞ்சுகிட்டோம். அவங்களுக்கு வைத்தியம் ஆரம்பிக்கணும், அது இந்த வாரமே நடக்கணும். காட்டுல இருக்கிறவங்களப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னும் தெரிஞ்சுகிட்டோம். நீ போய் அந்தம்மாகிட்ட, நாங்க எப்ப வரணும்னு கேட்டுட்டு வா."

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மதியம் ஐஸ் பெட்டி கழுவும்போதுதான் எனக்குக் கண்ணீர் வந்தது. பாரம் இறங்கின கண்ணீர்.

குருவம்மா போட்டுக் கொடுத்த திட்டம் இது. காலை ஐந்து மணிக்கு லோடு ஆட்டோ நிற்கும் இடத்தில் ஒரு சிறுநீர் மாதிரி. மதியம் வேலை முடியும்போது காட்டிலேயே இன்னொரு மாதிரி. அப்போதுதான் ஒரு நாள் வெயில் உடம்பை என்ன செய்கிறது என்று தெரியும். யோகேஷ் அதைத் திட்டமாக எழுத, நெறிமுறைக் குழு அனுமதி கொடுக்க இரண்டு மாதமானது. மகளைப் பள்ளியில் விடும் வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார். முதல்முறையாக, அப்பா பின்னிய சடையோடு அவள் பள்ளிக்கூடம் போனாள்.

முதல் நாள் காலை எல்லாம் நன்றாக நடந்தது. மதியம் காட்டுக்குப் போனோம். களையெடுப்புக் காலம், உளுந்து முழங்கால் உயரம்கூட இல்லை. பன்னிரண்டு சின்ன பாட்டில் கொடுத்தோம். பன்னிரண்டும் காலியாகத் திரும்பி வந்தன.

"என்ன ஆச்சுங்க்கா?" என்று குருவம்மாவைக் கேட்டான் யோகேஷ்.

அவள் என்னைப் பார்த்தாள். அவனைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சொன்னாள். "காலையில வீட்டுல போனதுதான் நர்சம்மா. இனி வீட்டுக்குப் போயித்தான். தண்ணி குடிச்சாத்தான வரும்? குடிச்சா எங்க ஒதுங்க? சுத்திப் பாருங்க, ஒரு மறைவு இருக்கா? அந்தக் கோடியில ஆம்பளைய மருந்து அடிக்காவ. அதனால நாங்க யாரும் வாயில தண்ணி விடுறதில்ல."

குடத்தை எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு பேருக்குக் கொண்டுவந்த குடம் கழுத்து வரை அப்படியே நிறைந்திருந்தது. நானும் பெண்தான், நானும் நர்ஸ்தான். ஒன்றரை வருடமாக அந்த ஊருக்குப் போனவள். எனக்கு அது தோன்றியதில்லை.

யோகேஷிடம் சொன்னபோது அவன் காது சிவந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து நான்கு மூங்கில் கம்பும் நீலத் தார்ப்பாயும் வாங்கிக்கொண்டு வந்தான். குருவம்மாவின் நாத்தனார் அதைப் பார்த்து, "இது காத்துல பறந்து தூத்துக்குடிக்குப் போயிரும்" என்று சொல்லி, உரச்சாக்குகளைச் சேர்த்துத் தைத்து அடியில் பாரத்துக்கு மண் கட்டி, மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு கூடாரம் செய்து கொடுத்தாள். அன்று பன்னிரண்டு பாட்டிலும் நிறைந்து வந்தன. பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் சிரித்த சிரிப்பு காடு முழுக்கக் கேட்டது.

நான்காம் நாள் குடம் காலியாக இருந்தது. ஆறாம் நாள் இரண்டு குடம் கொண்டுவந்திருந்தார்கள்.

யோகேஷ் அலறியடித்துக்கொண்டு சாரிடம் ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். "சார், கூடாரம் வச்சதால தண்ணி குடிக்கறாங்க. நாம அளக்கப் போன விசயமே மாறிப் போச்சுங்க. கூடாரத்தத் திருப்பி எடுத்துடலாமுங்களா?"

சார் நின்றபடியே கேட்டார். பிறகு சிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏலே, எடுத்துப் பாரு, அவிய உன்ன உரச்சாக்குல வச்சுத் தச்சிருவாவ. நாம அளந்து எழுதுறதே எப்பவாவது யாருக்காவது இப்படி மாறணும்னுதான். அது முதல் வாரமே மாறிருச்சுன்னு அழுவுதியே!"

இரண்டு வழிகாட்டிகளும் அவனும் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வழி கண்டுபிடித்தார்கள். முதல் ஊரில் கூடாரம் இருக்கட்டும். இரண்டாவது ஊரில் நாங்கள் போவதற்கு முன்பு எப்படியோ அப்படியே ஒரு மாதம் அளப்பது. வேலை முடிந்து வீட்டு வாசலில் இறங்கியதும் மாதிரி கொடுத்தால் போதும். அதன்பின் அங்கேயும் கூடாரம் கொடுத்து மறுபடி அளப்பது. யாருக்கும் கிடைக்காமல் போகாது, ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும்.

அந்தக் கார்த்திகை மாதம்போல ஒரு மாதம் என் வேலையில் வந்ததில்லை. ஒரு நாள் மழை பெய்து வண்டி கரிசலில் அச்சு வரை இறங்கிவிட்டது. டிரைவர் அண்ணாச்சி முன்னும் பின்னும் எடுக்க எடுக்க இன்னும் கீழே போனது. மாதிரிகள் இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் போக வேண்டும். யோகேஷ் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்துத் தார்ச்சாலைக்கு நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் காலில் மண் அப்பி அப்பி யானைக் கால்போல ஆனது. பின்னால் பன்னிரண்டு பெண்கள் குலவை போட்டுக்கொண்டே வந்தார்கள். அப்போது வந்த பஸ்ஸில் பெட்டி ஏறிவிட்டது, ஆனால் அவன் கால் மண்ணைப் பார்த்துக் கண்டக்டர் அவனை ஏற்ற மறுத்தார். குருவம்மா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, பெட்டிக்குள்ள எங்க மூத்திரம் இருக்கு. நேரத்துக்குப் போகலன்னா நாளைக்கு உங்க பஸ்ஸுலதான் எல்லாரும் வந்து குடுப்போம்" என்றாள். உடனே ஏற்றிக்கொண்டார்.

கணக்கு வந்தபோது யோகேஷ் முதலில் என்னிடம்தான் காட்டினான். இரண்டாவது ஊரில் கூடாரம் வந்தபின், வேலை முடிந்த நேரத்தில் அந்தப் புரதம் குறைந்திருந்தது. முதல் ஊரிலும், கூடாரம் வந்த அன்றைக்கு இருந்ததைவிடத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தபின் குறைவு. அதற்குள் பக்கத்து ஊர்ப் பெண்கள் தாங்களாகவே உரச்சாக்கு தைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவனுடைய வாய்மொழித் தேர்வு பல்கலைக்கழகத்தில் நடந்தது. அது ஊரறிய நடக்கிற தேர்வு, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று அவன் பேச்சுவாக்கில் சொல்லிவைத்திருந்தான். பதினோரு மணிக்கு அரங்கத்து வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. பட்டுச் சேலையும் பூவுமாக ஒன்பது பெண்கள் இறங்கினார்கள். கடைசி வரிசையில் உட்காரப் போனவர்களை சார் எழுந்துபோய் முன்வரிசைக்கு அழைத்து வந்தார்.

யோகேஷ் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். இரண்டு நிமிடத்தில் நிறுத்தி, தேர்வு நடத்த வந்திருந்த தேர்வாளரிடம் அனுமதி கேட்டுத் தமிழுக்கு மாறினான். பேராசிரியர்கள் கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னான். கடைசியில் தேர்வாளர், "பொதுமக்களில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்று வழக்கமாகக் கேட்டுவிட்டுத் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

குருவம்மா எழுந்தாள்.

"அந்தப் புரதம் ஒருத்திக்கு ஒரு நாளு கூடிப்போச்சுன்னு வையுங்க. அவ மறுநாளு வேலைக்குப் போலாமா, கூடாதா? எத்தன நாளு வீட்டுல இருந்தா அது பழையபடி எறங்கும்?"

யோகேஷ் சாரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவளையே பார்த்துச் சொன்னான். "எனக்குத் தெரியாதுங்க்கா. நாங்க அத அளக்கலீங்க. அளந்திருக்கணும்."

தேர்வாளர் அடுக்கிய தாள்களில் ஒன்றை உருவி, அந்தக் கேள்வியை அவள் வாயால் இன்னொரு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அறிக்கையில், இந்த ஆய்வு அடுத்து எங்கே போக வேண்டும் என்ற இடத்தில் அது இருந்தது. இப்போது சேர்ந்திருக்கிற ஐந்து பேரில் ஒரு பெண்ணுக்கு அதுதான் ஆய்வுத் தலைப்பு என்று போனில் சொன்னார்கள். நான் கையேடு எழுத ஒத்துக்கொண்டது அதைக் கேட்டபிறகுதான்.

பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்ததும் கைதட்டலோடு குலவையும் எழுந்தது. அந்த அரங்கத்தில் அதற்கு முன்பு குலவை கேட்டிருக்க வாய்ப்பில்லை. வெளியே யோகேஷின் அம்மா எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தார். குருவம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே நீங்க டாக்டரு. ஊருக்கு வந்தா ஊசி போடுவீங்களா தம்பி?"

"இல்லீங்க்கா, நான் அந்த டாக்டர் இல்லீங்க."

"பெறகு எந்த டாக்டரு?"

அவன் தலையைச் சொறிந்தான். சார்தான் சொன்னார். "கேள்வி கேக்கிறதுக்குக் குடுக்குற பட்டம்மா அது."

குருவம்மா மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு நாத்தனாரிடம் திரும்பினாள். "கேட்டியாட்டி? அப்ப எனக்கு என்னைக்குக் குடுப்பாங்கன்னு உள்ள போய்க் கேட்டுட்டு வா."